ஃப்ளோரினும் ஒரு சிவப்பு மாத்திரையும்

என் கணவருக்கு முடி கொட்டவில்லை. எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

குடலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் ஒழிப்பதற்காக ஆறு மாதம் புற்றுநோய் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். பதினான்கு நாள் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, அடுத்த ஏழு நாள் ஓய்வு. அது ஒரு சுற்று. அப்படி எட்டுச் சுற்று முடிக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக அவர் தலையைத்தான் பார்த்தார்கள்.

"கீமோன்னு சொன்னாங்க, முடி அப்படியே கெடக்குதே?" என்றார் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த என் நாத்தனார். கணவருக்கு அக்கா. "நல்லா பாத்து வாங்குனியாம்மா? டூப்ளிகேட் மாத்திரையா இருக்கப் போவுது."

இந்த மருந்தில் முடி அவ்வளவாகக் கொட்டாது என்று நான் விளக்கினேன். நான் விளக்கினால் எங்கள் குடும்பத்தில் யாரும் நம்புவதில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கணவர், வேண்டுதல் என்று சொல்லித் திருவந்திபுரம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாத்தனார் அன்றைக்குத்தான் முதல்முறையாக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பதான் பாக்கவே பாவமா இருக்குது" என்றார். எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கடலூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறேன். கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ரியாக்டர் ஆப்பரேட்டர். நான் கரும்பலகையில் அறுகோணமாக வரைகிறதை அவர் டன் கணக்கில் கொதிக்கவைக்கிறார். "நீ அம்பு போட்டுக் காட்டுவ, நாங்க வால்வத் தொறந்து காட்டுவோம், அவ்ளோதான் வித்தியாசம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு வருஷம் சிரித்தேன்.

முதல் தடவை அந்த மாத்திரையை வாங்கப் போனபோது மருந்துக் கடை வாசலில் நின்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பெயரைப் படித்துவிட்டு, என் பாடம் ஞாபகம் வந்ததோ என்னவோ, "இதுல ஃப்ளோரின் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதே!" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அதன் படத்தை வரைந்து, ஐந்தாம் இடத்தில் ஃப்ளோரினைப் போட்டு வட்டமிட்டு அவரிடம் காட்டினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புருஷனுக்குப் புற்றுநோய் மாத்திரை வாங்க வந்த இடத்தில் சந்தோஷப்பட்ட பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் பத்தொன்பது வருஷமாக நான் நடத்துகிற பாடம் அது. எனக்குத் தெரிந்த ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

பாடம் இதுதான். ஒரு மருந்தில் ஏதோ ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஃப்ளோரினை மாட்டலாம். அளவில் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அதனால் உடம்புக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனால் கார்பனை அது பிடிக்கிற பிடி வேறு. லேசில் கழலாது. கல்லீரல் வழக்கமாக மருந்தை எந்த இடத்தில் உடைக்கத் தொடங்குமோ, சரியாக அந்த இடத்தில் ஃப்ளோரினை வைத்துவிட்டால், வாசலில் யாரோ ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போன மாதிரி. கல்லீரல் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே நுழைய முடியாது. மருந்து கூடுதல் நேரம் உடம்பில் நிற்கும். மூன்று வேளை போட வேண்டிய மாத்திரையை ஒரு வேளை போட்டால் போதும் என்று ஆகும். இது நல்ல ஃப்ளோரின்.

கெட்டதும் உண்டு. வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃப்ளோரினைப் போட்டால் கடும் விஷம். உடம்பு அதை வினிகர் என்றே நம்பி உள்ளே விட்டு, சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கிற சக்கரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும், சக்கரம் நின்றுபோகும். அதையே நீளமான சங்கிலியாகச் செய்து நுனியில் ஃப்ளோரினைத் தொங்கவிட்டால் இன்னும் வேடிக்கை. உடம்பு கொழுப்புச் சங்கிலியை இரண்டு இரண்டு கார்பனாக நறுக்கும். சங்கிலியில் இரட்டைப்படை கார்பன் இருந்தால் நறுக்கி நறுக்கிக் கடைசியில் அந்த விஷமே கைக்கு வரும். ஒற்றைப்படை என்றால் வராது, அவ்வளவாக ஆபத்தில்லை. ஒரு கார்பன் கூடக்குறைய இருப்பதில் ஆள் பிழைக்கிறான், சாகிறான். இந்த இடம் வரும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். "அதனால ஃப்ளோரின் நல்லதா கெட்டதான்னு யாரும் கேக்கக் கூடாது. எங்க மாட்டியிருக்கு, உடம்பு அத என்ன பண்ணப் போவுதுன்னு கேக்கணும்" என்று முடிப்பேன். மேடை நாடகம் மாதிரி ஒரு இடைவெளி விட்டுத்தான் முடிப்பேன்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் முதல் நாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து கட்டம் போட்டார். அவர் கம்பெனியில் ரியாக்டரில் எது போட்டாலும் எழுத வேண்டும். பேட்ச் ஷீட் என்று பெயர். போட்டவர் ஒரு கையெழுத்து, அதைச் சரிபார்த்தவர் இன்னொரு கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை உப்புகூட உள்ளே போகக் கூடாது. அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நேரம், போட்டது, எத்தனை, உடம்புச் சூடு, வெளியே போனது எத்தனை தடவை, போட்டவர், சரிபார்த்தவர். நோட்டின் அட்டையில் 'பேட்ச் 1' என்று எழுதி அடியில் தன் பெயரைப் போட்டார்.

"நீதான் செக்கர்" என்றார்.

"நான் ப்ரொஃபசருங்க."

"அங்க ப்ரொஃபசரு. இங்க செக்கரு."

காலையில் ஏழு பத்துக்கு நோட்டை நீட்டுவார். எனக்கு ரயில் ஏழு நாற்பதுக்கு. ஒரு கையில் சட்னிக் கரண்டி இருக்கும், மறு கையால் கையெழுத்துப் போடுவேன். வருகைப் பதிவேட்டில் போடுகிற அதே கிறுக்கல். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒரு நாள்கூடப் படித்ததுமில்லை.

முதல் சுற்று ஒரு தொந்தரவும் இல்லாமல் போனது. ஓய்வு வாரத்தில் ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, கீரை முட்டை கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பெண். அவர் சொன்னதோடு விட்டிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் வந்தார்.

"உடம்புல ரத்தமே இல்லம்மா. எந்தம்பி எப்படி வெளுத்துக் கெடக்குறான் பாரு. நீ படிச்சவதானே, எதனா குடுக்கக் கூடாதா?"

படிச்சவதானே என்றால் எனக்கு ரோஷம் வந்துவிடும். எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவைத் திறந்தேன். எனக்கு ரத்தசோகை என்று எப்போதோ எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மீதி இருந்தது. சிவப்பு நிறம், சர்க்கரைப் பூச்சு. இரண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்று போதாதா என்று கணவர் கேட்டார். "சும்மா போடுங்க, சத்து மாத்திரைதானே" என்றேன். தினமும் இரண்டு போட்டு அட்டை தீர்ந்ததும் நானே கடையில் கேட்டு வாங்கிவந்தேன். அதற்குச் சீட்டுகூடக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் உள்ளங்கை சிவந்தது. இந்த மருந்தில் அப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள், தேங்காயெண்ணெய் தடவினோம். மூன்றாம் சுற்றில் தோல் உரியத் தொடங்கியது. வாயெல்லாம் புண். மோர் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தால்கூட எரிகிறது என்று கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு குறைந்தது. வால்வு ஜோக்கை அவர் சொல்லாமல் ஒரு வாரம் ஆனது, எனக்குப் பயமாக இருந்தது.

நாத்தனாருக்கு யாரோ போனில் எதையோ அனுப்பியிருந்தார்கள். "ஃப்ளோரின்னா வெஷமாம்ல? ஒட்டாத தோசக்கல்லுல பூசியிருக்காங்களாம்ல? உங்க வீட்ல அதுதானே?"

நான் அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். கல்லில் பூசியிருப்பதில் ஃப்ளோரின் கார்பனோடு இறுகிக் கிடக்கிறது, அது வயிற்றுக்குள் போனாலும் வந்த வழியே வெளியே போய்விடும், பெயரைக் கேட்டு மிரளக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் அந்தத் தோசைக்கல்லைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். என்ன செய்வது, பயத்துக்கு எம்.எஸ்சி. தெரியாது.

அந்தச் சுற்றின் ஒன்பதாம் நாள் காலையில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் வயிற்றுப்போக்கு. கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வைத்துக் கடலூரிலேயே மருந்து எழுதிக்கொடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சலைன் ஏற்றினார்கள். புற்றுநோய் மாத்திரையை உடனே நிறுத்தினார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், வேற எதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"இல்லையே."

"நாட்டு மருந்து, லேகியம், யாராவது குடுத்தது?"

"டாக்டர், நான் கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர். எங்க வீட்ல அந்த மாதிரி எல்லாம் நடக்காது."

அவர் தயங்கி, மூன்றாம் முறையும் கேட்டார். "எதுவுமே இல்ல?"

"எதுவுமே இல்ல" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"அப்போ ஒரே சந்தேகம்தான். இந்த மருந்துல பெரும்பகுதிய கல்லீரல் ஒடச்சு வெளிய தள்ளிடும். சிலருக்கு அத ஒடைக்கிற என்சைம் பொறப்புலயே..."

அந்த என்சைமின் முழுப் பெயரையும் நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"ஆமா மேடம். அது குறைவா இருந்தா மருந்து உடம்புல தேங்கிடும், இப்படித்தான் அடிக்கும். ஆனா அப்படின்னா முதல் சுத்துலயே அடிச்சிருக்கணும். அதுதான் புரியல. ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்புறேன். என்சைம் இல்லன்னு வந்தா இந்த மாத்திரைய நாம மறந்துடணும்."

"மறந்துட்டு?"

"இதுக்குச் சமமா வேற ஒண்ணு கைல இல்ல மேடம். பாக்கலாம்."

எட்டுச் சுற்றில் இரண்டரைதான் முடிந்திருந்தது. ஆனாலும் ஒரு அல்ப ஆறுதல் வந்ததை மறைக்க மாட்டேன். பிறவிக் குறை என்றால் அது அவர்கள் வீட்டு ரத்தத்தில் வந்தது. எந்தக் குறையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்பது என் பழைய கொள்கை.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். மூன்றாம் நாள் கல்லூரியில் தேர்வுக்கு முந்தின வகுப்பு, போயே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் நாத்தனாரை உட்காரவைத்துவிட்டுச் சிதம்பரம் போனேன். பாடம் ஃப்ளோரின். சொல்லிவைத்த மாதிரி அவர் சாப்பிடுகிற மருந்தேதான். வேறு பாடம் நடத்தியிருக்கலாம். வாய்க்கு மனப்பாடமான பாடம், மூளை எங்கேயாவது கிடக்கட்டும் என்று இதையே எடுத்தேன்.

"செல் ரெண்டா பிரியணும்னா டி.என்.ஏ. செய்யணும். அதுக்குத் தைமின் வேணும்" என்று தொடங்கினேன். "யுராசில்னு ஒண்ணு இருக்குது. அதோட அஞ்சாம் இடத்துல இருக்கிற ஹைட்ரஜனக் கழட்டிட்டு ஒரு கார்பன மாட்டினா தைமின். மாட்டுற வேலைய செல்லுக்குள்ள ஒரு என்சைம் செய்யும். மருந்துல அந்த அஞ்சாம் இடத்துல என்ன இருக்குது?"

"ஃப்ளோரின்" என்றது வகுப்பு.

"கழலுமா?"

"கழலாது."

"என்சைம் கைய வச்சிடும். ஆனா எடுக்க முடியாது, விடவும் முடியாது. அப்படியே நிக்கும். தைமின் கெடையாது, செல் பிரியாது. கேன்சர் செல்லுதான் வேகமாப் பிரியறது, அதனால மொதல்ல அது சாவும். வாயும் குடலும்கூட வேகமாப் பிரியற செல்லுதான், அதனால அதுங்களும் அடி வாங்கும்."

இங்கே ஒவ்வொரு வருஷமும் ஒரு ஜோக் சொல்வேன். பத்திரப் பதிவு ஆபீசில் வாங்குகிறவர், விற்கிறவர் இருந்தால் மட்டும் போதுமா, சாட்சிக் கையெழுத்து வேண்டாமா என்று கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன்.

"இதுல மூணாவது ஆள் ஒருத்தர் இருக்காரு. மாட்ட வேண்டிய கார்பனக் கொண்டாந்து குடுக்கறவரு. அவரு பேரு ஃபோலேட். அவரு கம்மியா இருந்தா பிடி சீக்கிரம் விட்டுப்போயிடும். ஜாஸ்தியா இருந்தா விடவே விடாது. அதனால சில நோயாளிங்களுக்கு டாக்டருங்களே வேணும்னு ஃபோலேட் வகைய இந்த மருந்து ஊசியோட சேத்துக் குடுப்பாங்க. மருந்து நல்லா இறுக்கட்டும்னு. ஆனா மருந்தோட அளவ அதுக்குத் தக்கன கொறச்சுக் குடுப்பாங்க. அளவு பாக்காம சேத்தா ஆளையே..."

ஃபோலேட் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தேன். அதைப் பார்த்தேன். அட்டை ஞாபகம் வந்தது. முன்பக்கத்தில் இரும்பு என்று பெரிய எழுத்து. அதற்கு அடியில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் 'ஃபோலிக் அமிலத்துடன்'.

இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வாரா வாரம் கொடுக்கிறார்கள். எனக்கும் தெரியும். அது வீட்டுக்குத் தெரிந்தது, இது கல்லூரிக்குத் தெரிந்தது. இரண்டையும் நான் ஒரு நாளும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். போனவள் திரும்பி வகுப்புக்கு வரவில்லை. வராந்தாவிலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அந்தச் செவப்பு மாத்திர அங்க இருக்குதா?"

"ஆங், பேஸ்ட்டு பிரஷ்ஷோட சேத்து எடுத்தாந்துட்டேனே. காலைல ரெண்டு குடுத்துட்டேன். எங்கனா மறந்துடுவனா?"

"குடுக்காதீங்க! இனிமே ஒண்ணுகூட குடுக்காதீங்க! தூக்கிப் போடுங்க!"

"ஐயையோ, என்னாத்துக்கு கத்துற? நீதானம்மா குடுக்கச் சொன்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து அவருடைய நோட்டை எடுத்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்று அவர்தான் என் பையில் போட்டுவைத்திருந்தார். மூன்று நாளாக என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முதன்முறையாகப் படித்தேன். முதல் சுற்று: மாத்திரை மட்டும், வெளியே போனது ஒன்று, இரண்டு. இரண்டாம் சுற்று: 'சிவப்பு 2' என்று ஒரு வரி கூடுகிறது, வெளியே போனது நாலு, ஐந்து. மூன்றாம் சுற்று: 'சிவப்பு 2', எட்டு, ஒன்பது, கடைசி நாள் எண்ணவில்லை என்று எழுதியிருந்தார். மனுஷன் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரிபார்த்தவர் என்று என் கையெழுத்து. பஸ் செம்மங்குப்பம் தாண்டும்போது அவருடைய கம்பெனி கேட் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டேயிருந்தேன்.

"மேடம், நான் மூணு தடவ கேட்டேன்."

"கேட்டீங்க."

"பரவால்ல. சத்து மாத்திரைய யாருமே மாத்திரையில சேக்கறதில்ல. நான்தான் பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்."

அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, அப்படியானால் காரணம் இதுதானே, நிறுத்தியாச்சே, சரியாகிவிடும்தானே என்று கேட்டேன்.

"இதுவா இருக்கலாம். என்சைமும் கொறஞ்சு, இதுவும் சேந்து அடிச்சிருக்கலாம். ரிப்போர்ட் பாக்காம நான் அந்த மாத்திரைய மறுபடியும் அவர் கைல குடுக்க மாட்டேன்."

ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார். கணவரிடம் நான், டாக்டர் சிவப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சலைன் ஏறியதில் வயிறு அடங்கி, நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். வாய்ப்புண் ஆறத் தொடங்கியது. ரசம் சாதம் சாப்பிட்டார். நான் அவரிடம் ஒரு சண்டையும் போடாமல் பத்து நாள் இருந்தேன். அவருக்கே சந்தேகம் வந்து, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அந்தப் பத்து நாளும் என் மனசு எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். என்சைம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். இருந்தால் அவர் மருந்தைத் தொடரலாம், பிழைக்க வழி உண்டு. ஆனால் அது ஒழுங்காக இருந்தால் அவரை அந்தப் பாடு படுத்தியது முழுக்க முழுக்க நான். அதில் இன்னொரு பங்காளி கிடையாது.

பதினோராம் நாள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரின் அறை மாடியில். அவர் மெதுவாக முன்னால் ஏறினார், நான் பின்னால். மாடிப்படி பாதியில், அந்த என்சைம் இல்லை என்று வந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் இருக்கும். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அப்படி நினைத்தேன். பிறகு அறைக் கதவு வந்துவிட்டது.

"என்சைம் நார்மல்" என்றார் டாக்டரம்மா. சிரித்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து அளவக் கொஞ்சம் கொறச்சு மறுபடியும் ஆரம்பிக்கலாம்." சிவப்பு மாத்திரைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இட்லி சாப்பிட்டு முடித்து அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். புற்றுநோய் மாத்திரைகளைத் தட்டில் எடுத்துவைத்திருந்தேன். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். அவர் மாத்திரையைத் தொடவில்லை.

"என்சைம் நல்லாதான் இருக்குதுன்னா அப்போ என்னா ஆச்சு எனக்கு?" என்று கேட்டார். "ரூட் காஸ் என்னா?"

சொன்னேன். ஃபோலேட், மூன்றாவது ஆள், பதிவு ஆபீஸ், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கிறவர் முகத்தைப் பார்க்காமல் நான் நடத்திய ஒரே வகுப்பு அது. நான் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்ததையும், டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

"அப்போ காரணம் தெரிஞ்சிடிச்சு" என்றார் கடைசியில். "காரணம் தெரிஞ்ச பேட்ச்ச மறுபடியும் ஓட்டலாம். தெரியாததத்தான் கீழ ஊத்துவோம்."

"திட்டுங்களேன்" என்றேன்.

"திட்டுனா சரியாயிடுமா?"

எனக்கு ஆற்றாமையாக வந்தது. இவ்வளவு சொல்லியாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லித் தொலைக்கலாம் என்று மாடிப்படியில் நினைத்ததையும் சொன்னேன். "உங்களுக்கு அந்த என்சைம் இல்லாம இருந்தா தேவலன்னு நெனச்சேங்க. ஒரு நிமிஷம். நான் பண்ணது இல்லன்னு ஆயிடும்னு."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானு பத்து நாளும் அதத்தான் நெனச்சேன்" என்றார்.

"நீங்க எதுக்கு?"

"இல்லன்னு வந்தா இதப் போட வேணாம்ல. ஒரேடியா நிறுத்திடுவாங்கல்ல." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "அந்த ராத்திரிய நெனச்சா வாயத் தொறக்கவே முடியல. நீ அவ்ளோ வேண்டிகினு இருந்த, அதான் சொல்லல."

இருபத்திரண்டு வருஷம் கொதிக்கிற ரியாக்டர் பக்கத்தில் நின்ற மனுஷன். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தோல் முழுதாக ஆறாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

மறு கையால் முதல் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் தண்ணீரைக் கொடுத்தேன்.